கேணலின் படத்துக்கு நான் வைத்த பூ

ஆறு வருடமாக ஒரு சிறை முகாம் அதிகாரியின் படத்துக்கு நான் பூ வைத்து விளக்குக் கொளுத்தினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகத் தொடங்கிய வேலை. ஆகவே பழியைத் தூக்கி வேறொருவர் தலையில் போட எனக்கு வழியில்லை.

இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், நான் சின்யோரா என்று கூப்பிடுகிற ஒரு வயதுபோன அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அவவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. கண் மங்கல், கால் ஏலாது, வாய் மட்டும் நல்ல சுகமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போய்க் கோப்பி போட்டு, மருந்துகளை எடுத்து வைத்து, வீடு துடைத்து, சமைத்து, பின்னேரம் கையைப் பிடித்துப் பல்கனியில் நடத்திவிட்டு வருவேன். நடக்கும்போது எனக்குப் புத்தி சொல்லுவா. நான் தலையாட்டுவேன். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

வேலைக்குப் போன முதல் கிழமை, சாப்பாட்டறை அலமாரிக்கு மேல் ஒரு படத்தைக் கண்டேன். இராணுவ உடுப்பு, மெல்லிய மீசை, மார்பில் பதக்கங்கள். கண்ணாடியில் தூசி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. ஆர் என்று கேட்டேன். "என்ரை அப்பா. கேணல்," என்றா. அவ கதைப்பது இத்தாலியன். ஆனால் எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் கேட்கும், அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் செத்தவரின் படத்தைத் தூசியோடு விடமாட்டார்கள். வீடு எந்தக் கோலத்தில் கிடந்தாலும் அந்தப் படத்துக்கு ஒரு பூவும் ஒரு வெளிச்சமும் இருக்கும். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்தேன். பல்கனித் தொட்டியில் மல்லிகை பூத்துக் கொட்டிக் கிடந்தது. கொஞ்சத்தை நூலில் கட்டிப் படத்துக்குப் போட்டேன். அடுத்த நாள் வீட்டிலிருந்து சின்னப் பித்தளை விளக்கு ஒன்றைக் கொண்டுபோய், நல்லெண்ணெய்க்குப் பதிலாக அவவின் ஒலிவ் எண்ணெயை விட்டுக் கொளுத்தினேன். சின்யோரா அழத் தொடங்கிவிட்டா. "என்ரை சொந்தக்காரர் ஒருத்தரும் இவரை ஏனெண்டு பாக்கேல்லை. எங்கையோ இருந்து வந்த நீ பாத்திருக்கிறாய்," என்று என் கையைப் பிடித்தா.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் வைத்த பூ மரியாதைக்கு. பிறகு பிறகு வைத்ததில் பாதி வால் பிடிப்பதற்கு. இந்த நாட்டில் இருப்பதற்கான என் பத்திரம், பெர்மெஸ்ஸோ, வேலை ஒப்பந்தத்தை நம்பி இருக்கிறது. ஒப்பந்தம் சின்யோராவின் கையெழுத்தை நம்பி இருக்கிறது. நாலு பூவில் அவவின் மனம் குளிரும் என்றால் நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? மல்லிகை பூக்காத மாதங்களில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போயும் வைத்திருக்கிறேன்.

கேணலைப் பற்றி அவ சொன்னதெல்லாம் நல்ல கதைகள். ரோசாச் செடிக்குத் தானே தண்ணீர் விடுவாராம். நாய்க்குக்கூட அடிக்கமாட்டாராம். எங்கே இருந்தாலும் மாலையில் ஒரு கொப்பியில் அன்றைய நடப்பை எழுதுவாராம். போர்க்காலத்தில் கடலுக்கு அங்கால் ஏதோ ஒரு இடத்துக்குப் பொறுப்பாக இருந்தாராம். எந்த இடம், எதற்குப் பொறுப்பு என்று நான் கேட்கவில்லை. சின்யோராவின் தகப்பனை விசாரிக்க நான் என்ன பொலிஸா?

அந்தக் கொப்பியும் எனக்குப் பழக்கம். அலமாரியின் கீழ்த்தட்டில், மேசை விரிப்புகளுக்கு அடியில், நாடா கட்டிக் கிடந்தது. வருடத்துக்கு ஒரு தரம் சின்யோரா கதிரையில் இருந்து பார்க்க, நான் அதை வெளியே எடுத்துத் துடைத்து, பூச்சி அரிக்காமல் நப்தலின் உருண்டைகள் போட்டுத் திருப்பி வைப்பேன். நாடாவை அவிழ்க்கக் கூடாது என்பது கட்டளை.

போன ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தது. ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண், வேர்த்து விறுவிறுத்து நின்றா. நாப்போலியிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, விலாசத்தைக் கேட்டுக் கேட்டு நடந்தே வந்திருக்கிறா. அட்ரியாட்டிக் கடலின் மறுகரையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. இத்தாலியன் என்னைவிட மோசமாகக் கதைத்தா. அதனால் எனக்கு உடனே அவவைப் பிடித்துவிட்டது.

சின்யோராவுக்கு முன்னால் இருந்து, வந்த விஷயத்தைச் சொன்னா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்தாலிய இராணுவம் அவர்களுடைய ஊர்ச் சனத்தைப் பிடித்து ஒரு முகாமில் அடைத்தது. ஆசிரியையின் அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது, அம்மாவின் தங்கச்சிக்கு இரண்டு. தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், திருப்பிக் கொண்டுவரவில்லை. செத்தாளா, எங்கே புதைத்தார்கள், யாரும் சொல்லவில்லை. முகாமின் பத்திரங்களை இராணுவம் போகும்போது எரித்துவிட்டது. ஆனால் முகாம் அதிகாரி தனக்கென்று ஒரு கொப்பி எழுதினார் என்று, அங்கே எழுதுவினைஞராக இருந்த ஒருவர் சாக முதல் சொல்லியிருக்கிறார்.

"அம்மா ஆஸ்பத்திரியிலை. இனி வீட்டுக்கு வரமாட்டா," என்றா ஆசிரியை. "கண்ணை மூட முதல் தங்கச்சி எங்கை கிடக்கிறாள் எண்டு அவவுக்குத் தெரிய வேணும். வேறை ஒண்டும் கேக்க நான் வரேல்லை."

"அப்பிடிக் கொப்பி ஒண்டும் இல்லை," என்றா சின்யோரா.

நான் கோப்பித் தட்டோடு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். கீழ்த்தட்டு என் முழங்காலுக்கு நேரே இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

வெளியே போகும்போது அந்தப் பெண் படத்தைக் கண்டா. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. வாசலில் வைத்து என்னைக் கேட்டா, "அந்தப் பூவை ஆர் வைக்கிறது?"

"நான்தான். எங்கடை ஆக்களின்ரை பழக்கம்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவ கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். படிக்கட்டில் நின்றபடி, வகுப்பில் சொல்லுவதுபோல ஆறுதலாகச் சொன்னா. முகாம் முழுக்கக் கூடாரம். மழைக்கு வெள்ளம் கூடாரத்துக்குள்ளால் ஓடும். தண்ணிக்கு வரிசை, சூப்புக்கு வரிசை. ஒருவர் கம்பி வேலிக்கு அங்கால் நின்றவரோடு கதைத்தால், அந்தக் கூடாரம் முழுவதற்கும் அன்று பாண் இல்லை. பாணை நிறுத்துகிற உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் கேணல். போர் முடிந்தபின் அவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஓய்வூதியம் எடுத்து, ரோசா வளர்த்து, தன் கட்டிலில் படுத்துச் செத்தார்.

"பிள்ளையள்தான் முதல்லை செத்தது," என்றா. தங்கியிருக்கிற இடத்தின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தா. வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனா.

கூடாரம், வெள்ளம், தண்ணிக்கு வரிசை. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வன்னியில் போர் முடிந்தபோது எங்களையும் அப்படித்தான் முள்ளுக்கம்பிக்குள் அடைத்தார்கள். அங்கே ஒரு நாள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவனும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். என் அண்ணா வரிசையில் போய் நின்றான். முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி மேசை போட்டு இருந்து, ஒவ்வொரு பேராகக் கேட்டு ஒரு பெரிய கொப்பியில் எழுதினான். அம்மா கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றா. அண்ணாவின் பேரையும் எழுதினான். பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள். இன்றுவரைக்கும் ஒரு தகவல் இல்லை.

ஊரில் அம்மாவின் வீட்டில் அண்ணாவின் படம் இருக்கிறது. அதற்குப் பூவும் இல்லை, விளக்கும் இல்லை. ஒரு முறை நாங்கள் போயிருந்தபோது என் மனைவி அதில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைக்கப் போனாள். அம்மா அவளின் கையைத் தட்டிவிட்டா. பொட்டும் பூவும் வைத்தால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த அம்மாவின் பிள்ளை நான், இங்கே குழந்தைகளைப் பட்டினி போட்டவனுக்கு மல்லிகை கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

பஸ் பிடித்துப் பிரான்காச்சோவில் எங்கள் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறாள். களைத்து வந்து காலை நீட்டிக்கொண்டு இருந்தவள், எழும்பி நிமிர்ந்து இருந்தாள்.

"உங்களுக்கென்ன விசரோ? வாற மாசம் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நாள். சின்யோரா துரத்திவிட்டா அந்தப் பொலிஸ்காரனுக்கு என்னத்தைக் காட்டுவியள்?"

"கொப்பி எங்கை கிடக்குதெண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா? தூக்கிக்கொண்டு வரப் போறியளோ? பிறகு களவெடுத்தவன் எண்டு பேர். இஞ்சை ஒரு தமிழாளையும் வீட்டுக்குள்ளை விடமாட்டாங்கள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் வேலை கிடைப்பதே, வீட்டுத் திறப்பை நம்பித் தரலாம் என்ற பேரில்தான். பிறகு அவளே கேட்டாள், "அந்த ஆஸ்பத்திரியிலை இருக்கிற அம்மாவுக்கு எத்தினை வயசு?"

"எண்பத்தஞ்சைத் தாண்டியிருக்கும்."

"மாமி மாதிரித்தான் அவவும் பாத்துக்கொண்டு கிடக்கிறா போலை," என்றாள். அதற்குப் பிறகு என்னைத் தடுத்து ஒன்றும் சொல்லவில்லை.

களவெடுக்கமாட்டேன், ஆனால் இனிப் பூவும் வைக்கமாட்டேன் என்ற அளவில் ஒரு முடிவோடு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன். சின்யோராவுக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்குக் கூர்மை.

"இண்டைக்கு மல்லிகை மணக்கேல்லையே. மறந்துபோனியோ?"

"மறக்கேல்லை சின்யோரா. இனி வைக்கமாட்டன்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்லுவா. ஆறு வருடமாக அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் போவேன். அன்று கொண்டுபோய்விட்டேன். அண்ணாவின் கதையை, ஆறு வருடத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத கதையை, கோப்பி ஆறும்வரைக்கும் சொன்னேன். "என்ரை அம்மாவும் அந்த ஆசிரியையின்ரை அம்மாவும் ஒரே மாதிரித்தான் காத்துக்கொண்டு கிடக்கினம். உங்கடை அப்பாவைப் போலை ஒருத்தனாலைதான்," என்று முடித்தேன்.

"அப்பா நல்லவர்," என்றா சின்யோரா. "மேலையிருந்து சொன்னதைச் செய்தவர். அந்தப் பிள்ளையளுக்காக அவர் அழுதவர்."

"அழுதவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர் எழுதி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா.

"இல்லாத கொப்பியிலையோ எழுதினவர்?" என்றேன்.

அவவின் முகம் சிவந்துபோனது. "திறப்பை மேசையிலை வைச்சிட்டு வெளியிலை போ," என்றா. வைத்துவிட்டு வந்தேன். படியிறங்கும்போதே பயம் வந்துவிட்டது. வீரம் பேசியது போதும், இனிக் கெஸ்தூராவில் என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

புதன்கிழமை வீட்டில் கிடந்தேன். அந்த ஆசிரியையின் இலக்கத்தை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன். கொப்பி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முதல் அதை எப்படி எடுப்பது? என் வேலை போனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "உன்ரை திறப்பு மேசையிலை கிடக்குது. வந்து எடு," என்றா சின்யோரா. வைத்துவிட்டா.

போய் மணியை அடித்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவைத் திறக்க அவவுக்குக் கன நேரம் எடுத்தது. மேசையில் என் திறப்பு இருந்தது. பக்கத்தில் அந்தக் கொப்பி, நாடா அவிழ்த்தபடி. எப்படிக் குனிந்து எடுத்தாவோ தெரியாது, முழங்காலில் உரசல் காயம் இருந்தது. நான் மருந்து எடுக்கப் போக, வேண்டாம் என்று கையைக் காட்டினா.

"ரிப்பன் வைச்ச பக்கத்தைத் திற. என்ரை பிறந்தநாள். எனக்குக் கண் தெரியாது. நீ வாசி."

எழுத்து அச்சடித்ததுபோல ஒழுங்கு. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். மகளுக்கு இன்று ஒன்பது வயது. குழந்தைகளின் கூடாரத்துக்கு வந்த டின் பாலில் இரண்டு பெட்டி வீட்டுக்கு அனுப்பினேன். பகல் முழுக்க மழை. அதற்குக் கீழே ஏழு பேர், வயது, புதைத்த குழியின் இலக்கம். ஏழு பேரில் ஒருவருக்கும் பத்து வயது ஆகியிருக்கவில்லை.

"பதினெட்டு வயசிலை இதை வாசிச்சனான்," என்றா சின்யோரா. "அந்தப் பாலை நான் குடிச்சனான். எனக்கு நல்ல விருப்பம். கரண்டியாலை வழிச்சு வழிச்சுக் குடிச்சனான். அதுதான் ஒருத்தருக்கும் காட்டேல்லை. அப்பாவுக்காக இல்லை."

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனுஷிமேல் எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையில் கொப்பி இருந்ததால் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கேணல் அழுததாக ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. மழையைப் பற்றி நிறைய எழுதியிருந்தார். அதை நான் சின்யோராவுக்குச் சொல்லவில்லை.

"அந்த டீச்சருக்குப் போன் அடி," என்றா. பிறகு என் கையை எட்டிப் பிடித்தா. "கொப்பியைக் குடுக்கிறன். ஆனா அப்பான்ரை விளக்கை மட்டும் நிப்பாட்டாதை."

"சின்யோரா, எங்களிலை தாய் தகப்பனுக்குப் பிள்ளைதான் விளக்குக் கொளுத்திறது. உங்கடை வேலையை நான் செய்துபோட்டன். அது நான் விட்ட பிழை. இந்தாங்கோ நெருப்புப்பெட்டி. நீங்கள் கொளுத்துறதெண்டா நான் தடுக்கமாட்டன்."

நெருப்புப்பெட்டியைக் கையில் வாங்கினா. ஒரு குச்சியை எடுத்து விரலுக்குள் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தா. கடைசியில் குச்சியைத் திருப்பிப் பெட்டிக்குள் போட்டு என்னிடம் தந்தா. படத்தை எடுத்துக் கீழ்த்தட்டில் விரிப்புகளுக்கு அடியில் வைக்கச் சொன்னா. வைத்தேன்.

மத்தியானம் ஆசிரியை வந்தா. மேசையில் இருந்து பக்கம் பக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தா. நான் பக்கத்தில் நின்றேன். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. சித்தியின் பேர், வயது இரண்டு, மூன்றாம் வரிசை, மதில் பக்கம், பதினோராம் குழி. சத்தம் போடாமல் அழுதா. உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்தா. அவர்களுடைய பாஷை எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அங்கால் அந்தக் கிழவி ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னது கேட்டது. குழியின் இலக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தா என்று பிறகு ஆசிரியை சொன்னா.

சின்யோரா தன் கதிரையில் இருந்தபடி பால் கதையைச் சொன்னா. மன்னிப்பு என்ற சொல்லை அவ பாவிக்கவில்லை. ஆசிரியையும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு, "கொப்பியை நான் கொண்டுபோறன்," என்றா. "ஓம்," என்றா சின்யோரா.

நான் குசினிக்குப் போய் அந்தப் பித்தளை விளக்கை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகும்வரைக்கும் தேய்த்தேன். துணியில் சுற்றி ஆசிரியையிடம் கொடுத்து, "உங்கடை சித்திக்கு," என்றேன். அவ அதை மடியில் வைத்துக்கொண்டு, இதற்கு என்ன எண்ணெய் விடுவது என்று கேட்டா. இருக்கிறதை விடுங்கோ என்றேன்.

சின்யோரா ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தா. கெஸ்தூராவுக்குப் போய் வந்துவிட்டேன். இப்போதும் காலை ஏழு மணிக்குப் போகிறேன். புத்தி சொல்வதும் நிற்கவில்லை. அலமாரியின் மேல் இப்போது ஒன்றும் இல்லை. கீழ்த்தட்டுக்கு நப்தலின் உருண்டை போடுகிற நாள் வந்தால் என்ன சொல்லுவாவோ, பார்ப்போம்.

ஆசிரியை ஊருக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் தொலைபேசியில் கதைக்கும்போது இதையெல்லாம் சொன்னேன். முடித்ததும் அம்மா, "விளக்கைக் கொளுத்தினவவோ?" என்று மட்டும் கேட்டா.

"ஆஸ்பத்திரியிலை விடமாட்டினமாம் அம்மா. மகள்தான் வீட்டு யன்னலிலை கொளுத்திப் படம் எடுத்துக் காட்டினவவாம்."

"நல்லது."

சரி அம்மா, வைக்கிறன் என்று சொல்லப் போனேன்.

"தம்பி," என்றா அம்மா. "அண்ணான்ரை பேரை எழுதினவனுக்கும் பிள்ளையள் இருக்கும்தானே?"

"இருக்கும் அம்மா."

"அப்ப அந்தக் கொப்பியும் ஒரு வீட்டிலை இருக்கும். அந்த வீட்டிலை அலமாரி துடைக்கிறது ஆரெண்டு நான் ஆரைக் கேக்கிறது?"